சூரியன், கல், பஞ்சு

அருள் பெரிதா, முயற்சி பெரிதா என்ற கேள்வியில் தமிழ்நாட்டு வைணவம் இரண்டு கலைகளாகப் பிரிந்து நிற்கிறது. பிரிவுக்குக் கோயில் உரிமை முதலான வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் அதன் நடுவில் இருப்பது இந்தக் கேள்விதான். தென்கலையார் பூனைக்குட்டியைக் காட்டுவார்கள். தாய்ப்பூனை கழுத்தைக் கவ்வித் தூக்கிப் போகும். குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. வடகலையார் குரங்குக்குட்டியைக் காட்டுவார்கள். தாய் தாவும்போது குட்டிதான் அதன் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். சைவ சித்தாந்தத்தில் இதே கேள்வி மலபரிபாகம், சத்திநிபாதம் என்ற பேச்சில் வருகிறது. உயிரை மறைத்திருக்கும் மலம் பக்குவப்பட்ட பிறகுதான் அருள் பதியும் என்றால், மிச்ச வேலை என்ன இருக்கிறது அருளுக்கு? அந்தப் பக்குவத்தையும் அருளே வருவிக்கிறது என்றால், ஒருவருக்கு இந்தப் பிறவியிலும் இன்னொருவருக்கு எத்தனையோ பிறவிக்குப் பிறகும் வருவது ஏன்? ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீனும் பெலாகியஸும் கிறிஸ்தவத்துக்குள் வழக்காடியதும் ஏறக்குறைய இதைத்தான். இத்தனை பெரிய மனங்கள் இத்தனை காலம் முட்டிய இடத்தில் விடை சொல்லிவிட முடியும் என்று நான் எண்ணவில்லை. நான் வாதிட வருவது அதைவிடச் சிறிய ஒன்று: அருளின் பங்கு எவ்வளவு, உயிரின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்பதே பொருந்தாத கேள்வி. அது ஏன் பொருந்தாது என்பதை, ஒளியால் மட்டுமே இயங்கும் சில நொதிகள், உயிருள்ள செல்லுக்குள், எந்த உவமையையும்விடத் துல்லியமாகக் காட்டுகின்றன.

செல்லுக்குள் நடக்கும் வேதிவினைகளை நடத்துபவை நொதிகள். சாதாரண நொதி செய்வது ஒன்றுதான்: தானாக நடக்கக்கூடிய, ஆனால் நடக்க ஆண்டுக்கணக்கில் இழுக்கும் வினையை நொடிக்குள் நடத்திவைப்பது. வினைக்கு முன்னால் நிற்கும் தடையை அது தாழ்த்துகிறது. தன் கையிலிருந்து ஆற்றல் எதையும் போடுவதில்லை. இப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் உண்டு. இயற்கையில் ஒளி இல்லாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்காத நொதிகளோ விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒளிச்சேர்க்கையின் ஒளித்தொகுதிகள், டி.என்.ஏ.வைச் செப்பனிடும் ஃபோட்டோலயேஸ். பச்சையம் உருவாகும் பாதையில் கடைசிக்கு முந்தைய படியை நடத்தும் நொதி. குளோரெல்லா என்ற நுண்பாசியில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டு 2017ல் அறிவித்த, கொழுப்பு அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி எரிபொருளுக்கு ஒத்த ஹைட்ரோகார்பனை உண்டாக்கும் நொதி. இவற்றில் ஒளி தடையைத் தாழ்த்தும் துணையாக மட்டும் வருவதில்லை. வினைக்கு வேண்டிய ஆற்றலையே கொண்டு வருகிறது. செல்லின் அன்றாடச் செலவுக்கு ஏ.டி.பி. என்ற மூலக்கூறுதான் பணம். நீல ஒளியின் ஒரு ஃபோட்டானில் ஓர் ஏ.டி.பி. தரும் ஆற்றலைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. அது ஒரே வீச்சில், ஒரே இடத்தில் வந்து இறங்குகிறது. நான்கு புறமும் இவ்வளவு வெயில் கொட்டும் உலகத்தில் அதை நேராக வாங்கிக்கொள்ளும் நொதிகள் இத்தனை குறைவாக இருப்பதே யோசிக்கவைக்கும் செய்தி.

இவற்றில் ஃபோட்டோலயேஸின் கதை அருளைப் பற்றிய பேச்சுக்கு மிக அருகில் வருகிறது. அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆல்பர்ட் கெல்னர், ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைத் தரும் ஸ்ட்ரெப்டோமைசஸ் கிரிசியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை ஒரு நாள் போல் ஒரு நாள் வரவில்லை. வெப்பநிலைதான் காரணம் என்று முதலில் சந்தேகப்பட்டார். தேடிப் பார்த்ததில் காரணம் வெளிச்சம் என்று தெரிந்தது. புற ஊதாக் கதிரால் செத்ததாகக் கணக்கில் எழுதப்பட்டிருக்க வேண்டிய வித்துகள், அதற்குப் பின் சாதாரண வெளிச்சம் பட்டபோது எழுந்தன. பிழைத்தவற்றின் எண்ணிக்கை லட்சம் மடங்குக்கும் மேல் கூடியது. இது வெளியானது 1949ல். அதே ஆண்டில் ரெனாட்டோ டல்பெக்கோ பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களில் இதையே கண்டார். ஐம்பதுகளில் ஸ்டான் ரூப்பர்ட், இந்த வேலையைச் செய்வது ஒரு நொதி என்று நிறுவினார். பிறகு அவருடைய மாணவர் அஜீஸ் சான்ஜார் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்து, அது இயங்கும் விதத்தைப் பல ஆண்டுகள் உழைத்து விளக்கினார். டி.என்.ஏ. செப்பனிடுதல் பற்றிய ஆய்வுகளுக்காக 2015ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவர்.

நடப்பது இதுதான். புற ஊதாக் கதிர் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்துத் தைமின் எழுத்துகள் இரண்டை ஒட்டவைத்துவிடுகிறது. அந்த இடத்தில் படியெடுக்கும் வேலை திணறும். ஃபோட்டோலயேஸ் இருட்டிலேயே அந்தக் காயத்தைத் தேடிப் பிடித்து, ஒட்டிய எழுத்துகளை இழையிலிருந்து வெளியே திருப்பித் தன் குழிக்குள் வைத்துக்கொள்கிறது. அதற்குமேல் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எவ்வளவு நேரமானாலும் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். நீல ஒளியின் ஒரு ஃபோட்டான் வந்து பட்டதும், நொதியின் உள்ளே இருக்கும் ஃபிளேவின் ஓர் எலெக்ட்ரானைக் காயத்துக்குக் கொடுக்கிறது, ஒட்டு விடுகிறது, எலெக்ட்ரான் ஃபிளேவினுக்கே திரும்பி வருகிறது. எல்லாம் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு நேரத்துக்குள். இங்கே காயப்படுத்தியதும் ஒளி, ஆற்றியதும் ஒளி. இரண்டும் ஒரே சூரியனிலிருந்து ஒரே வேளையில் வருபவை. நடுவில் அந்தக் காயத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கிறாரா இல்லையா என்பதில்தான் வித்துக்கு வாழ்வும் சாவும்.

பச்சையத்தை உண்டாக்கும் நொதி இன்னும் பொறுமையாகக் காத்திருக்கிறது. அதைத் தமிழ்நாட்டில் பலரும் வேறு பெயரில், வேறு பக்தியோடு கண்ணால் கண்டிருக்கிறார்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்து அம்மன் திருவிழாக்களில் முளைப்பாரி வளர்ப்பது வெளிச்சம் படாத அறையில். அங்கே முளைக்கும் பயறும் தானியமும் நீண்டு, வெளிறி, இளமஞ்சளாக நிற்கும். அந்த மஞ்சள் வெறும் குறைபாடு அல்ல. பூக்கும் தாவரங்களில், பச்சையத்துக்கு முந்தைய மூலக்கூறும், ஹைட்ரஜன் தரவேண்டிய துணை மூலக்கூறும், நொதியும் மூன்றும் சேர்ந்து ஒன்றாகக் கட்டுண்டு, எல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்காத நிலையில் இருட்டில் தங்கியிருக்கின்றன. வெளிச்சம் பட்டதும் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் அந்தப் படி முடிந்துவிடுகிறது. பைன் நாற்று இருட்டிலும் பச்சையாகும். அதற்கு ஒளி வேண்டாத வேறொரு நொதியும் உண்டு. பூக்கும் தாவரங்கள் அந்த மாற்று வழியைப் பரிணாமத்தில் இழந்துவிட்டன. ஆகவே முளைப்பாரியின் அந்த இளமஞ்சள் இலைக்குள் ஆயத்தம் முழுமையாக இருக்கிறது. பயன் சுழியாக இருக்கிறது.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். அந்த முளை பச்சையானதில் ஒளியின் பங்கு எத்தனை சதவீதம், நொதியின் பங்கு எத்தனை சதவீதம்? ஒளியை எடுத்துவிட்டால் பயன் பாதியாகக் குறைவதில்லை, இல்லாமல் போகிறது. நொதியை எடுத்துவிட்டாலும் இல்லாமல் போகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒரு மூட்டையைத் தூக்கும்போது இவர் இத்தனை கிலோ, அவர் இத்தனை கிலோ என்று பிரிக்கலாம். அது கூட்டல். ஒரு செவ்வகத்தின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரிக்க முடியாது. அது பெருக்கல். பூனைக்குட்டி, குரங்குக்குட்டி இரண்டு உவமைகளிலும் உள்ளே ஒளிந்திருப்பது கூட்டல் கணக்கு என்பது என் எண்ணம். ஒன்றில் குட்டியின் பங்கு சுழி, தாயின் பங்கு முழுமை. மற்றதில் குட்டியின் பங்கு கொஞ்சம், மீதி தாயுடையது. எதைச் சொன்னாலும் ஒருவருக்குக் கொடுத்தது இன்னொருவரிடமிருந்து பிடுங்கியதாகிறது. அருளை உயர்த்தினால் உயிர் சடமாகிறது. உயிரின் முயற்சியை உயர்த்தினால் அருள் கூலியாகிறது. இந்த நெருக்கடி பெருக்கல் உறவில் எழுவதே இல்லை. ஃபோட்டோலயேஸ் இருட்டில் காயத்தைத் தேடிப் பிடித்தது உண்மையான வேலை. ஆனால் அந்த வேலையால் ஒளி வாங்கப்படவில்லை. எத்தனை காயங்களைப் பிடித்தாலும் ஒரு ஃபோட்டானைக்கூட அது வரவழைக்க முடியாது.

திருமூலர் இந்த அமைப்பை ஏற்கெனவே கண்டிருந்தார் என்றே தோன்றுகிறது. திருமந்திரத்தில் சூரியகாந்தக் கல்லையும் அதைச் சூழ்ந்த பஞ்சையும் சொல்கிறார். கல் பஞ்சின்மேலேயே கிடந்தாலும் பஞ்சைச் சுடாது. சூரியன் முன் வந்தால் சுடும். குருவின் முன்னிலையில் மலம் அறுவது அப்படித்தான் என்பது அவர் கருத்து. பூனையும் குரங்கும் இரண்டு பேர் கதை. இது மூன்று பேர் கதை. சூரியன், கல், பஞ்சு என்ற இந்த மூன்றும் ஃபோட்டான், நொதி, வினைப்பொருள் என்ற மூன்றோடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துகின்றன. வெறும் வெயிலில் பஞ்சு தீப்பற்றாது என்பதும் உவமைக்குள்ளேயே இருக்கிறது. வெறும் வெளிச்சம் டி.என்.ஏ.வின் ஒட்டை விடுவிக்காது. அந்த ஒட்டு கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுவதே இல்லை. அதன்மேல் பட்டும் படாமல் ஒளி கடந்து போய்விடும். திருமூலருக்கு நொதி தெரிந்திருந்தது என்று யாரும் இதை வைத்துச் சொல்லக் கூடாது. அப்படிச் சொல்வது அவருக்குப் பெருமையும் அல்ல, அறிவியலுக்கு நேர்மையும் அல்ல. உறவுகளின் வடிவத்தை அவர் சரியாகப் பிடித்தார் என்பது மட்டுமே சொல்லத்தக்கது. அதுவே போதுமான பெருமை.

இங்கே ஒரு மறுப்பு வரும். நொதி ஒரு மூலக்கூறு. அதற்கு விருப்பம் இல்லை, துயரம் இல்லை, பாவபுண்ணியம் இல்லை. அதை வைத்து உயிருக்கும் இறைவனுக்கும் உள்ள உறவைப் பேசுவது வெறும் உவமை, சான்று அல்ல. இந்த மறுப்பை நான் முழுதும் ஏற்கிறேன். ஆனால் அது என் வாதத்தைத் தொடவில்லை. அருள் உண்டு என்று நொதியைக் கொண்டு நிறுவ நான் முயலவில்லை. கொடுப்பவரின் கொடை முழுமையாகவும் வாங்குபவரின் ஆயத்தம் உண்மையானதாகவும் ஒரே சமயத்தில் இருக்க முடியாது என்பது பிணக்கின் இரு பக்கமும் சொல்லாமல் ஒப்புக்கொண்ட ஒரு விதி. ஒரு விதி பொய் என்று காட்ட, அதற்கு மாறான ஒரே ஓர் உண்மை நிகழ்வு போதும்; அது உயர்ந்த இடத்தில் நிகழ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குளத்துப் பாசியில் நிகழ்ந்தாலும் விதி உடைந்துவிடும்.

எதிர்த் திசையிலிருந்து வரும் மறுப்பு வேறு. ஒளியைப் பாய்ச்சினால் வினை நடக்கிறது, நிறுத்தினால் நிற்கிறது. அப்படியானால் உயிர் என்பது பொறி, அருள் என்ற பேச்சே வீண் என்பார்கள். இதற்கு அவர்கள் காட்டக்கூடிய வலுவான சான்று 1974ல் எஃப்ரெய்ம் ராக்கரும் வால்தர் ஸ்டோகேனியஸும் செய்த சோதனை. உப்பு நீரில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஒளியால் புரோட்டான்களை நகர்த்தும் ஊதா நிறப் புரதத்தையும், மாட்டின் இதயத்திலிருந்து ஏ.டி.பி. உண்டாக்கும் நொதியையும் எடுத்து, சோயாவிலிருந்து வந்த கொழுப்புக் குமிழிகளில் பதித்தார்கள். உயிர் என்று எதுவும் இல்லாத அந்தக் குமிழிகள் வெளிச்சத்தில் ஏ.டி.பி. உண்டாக்கின. புரோட்டான்களின் ஓட்டமே ஏ.டி.பி.யை உண்டாக்குகிறது என்ற பீட்டர் மிட்சலின் கொள்கைக்கு அது பெரிய பலமாக அமைந்தது. 1978ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அழகான சோதனை. ஆனால் அது காட்டுவது என்ன? பாகங்கள் பொறிபோல் இயங்குகின்றன என்பதை. இயங்குவது எதற்காக, யாருக்கு என்ற கேள்வியை அது எழுப்பவும் இல்லை, அடைக்கவும் இல்லை. உடம்பையும் புலன்களையும் சித்தாந்தம் மாயையின் காரியம் என்றே சொல்கிறது. அவை சடம் என்பது அதற்குப் புதிய செய்தி அல்ல. ஏ.டி.பி. ஆன்மாவால் உண்டாகிறது என்று எந்த மெய்கண்ட சாத்திரமும் சொன்னதில்லை.

சித்தாந்திகளிடமிருந்தே ஒரு மறுப்பு வரலாம். அது நுட்பமானது. ஒரே கதிரவன் முன்னால் ஒரு தாமரை மலர்கிறது, ஒன்று அரும்பாக நிற்கிறது, ஒன்று வாடுகிறது; கதிரவனுக்கு அதனால் மாற்றமில்லை என்பது அவர்கள் பழைய உவமை. இறைவன் விகாரப்படாதவன் என்பதைக் காக்கவே அது சொல்லப்பட்டது. ஆனால் ஃபோட்டான் உறிஞ்சப்பட்டதும் அழிகிறது. சூரியனோ நொடிக்கு நாற்பது லட்சம் டன்னுக்கு மேல் தன் நிறையை ஒளியாக இழக்கிறது. அப்படியானால் உவமை போயிற்றா? போகவில்லை என்றே நினைக்கிறேன். சூரியன் இழப்பது தாமரைக்காக அல்ல. வாங்க யாருமே இல்லாத வெளியிலும் அதே அளவு பொழிகிறது. வாங்குபவரால் கொடுப்பவருக்கு மாற்றமில்லை என்ற அளவில் உவமை நிற்கிறது. திருத்த வேண்டியது தாமரையின் பக்கம்தான். பூத்திருக்கும் நாட்களில் தாமரை தன் மலரின் வெப்பத்தைத் தானே எரிபொருள் செலவழித்து, வெளியே குளிர்ந்தாலும் 30 முதல் 36 டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறது என்று 1996ல் கண்டறிந்து எழுதினார்கள். ஒளி முன் சும்மா கிடக்கும் பொருளாகத் தாமரையை நினைத்தது நம் பிழை.

எல்லாவற்றிலும் கனமான கேள்வி பக்குவத்தைப் பற்றியது. பெருக்கலில் ஒரு காரணி சுழி என்றால் பயன் சுழி. ஒருவருக்கு அருள் கிட்டவில்லை என்றால் அவரிடம்தான் ஏதோ சுழி என்று சொல்ல இந்த வாதம் வழி செய்கிறதே? பக்குவக் கொள்கை இப்படித்தான் காலங்காலமாகத் துன்பப்படுபவர்மேல் திருப்பப்பட்டிருக்கிறது. உன் வினை, உன் பக்குவம் போதவில்லை என்று. ஒளி நொதிகளைப் பற்றி அறிந்தவை எல்லாம் இந்தப் பழிக்கு எதிராகவே சாட்சி சொல்கின்றன என்பது என் உறுதியான கருத்து. வாங்கும் திறன் ஒரு தனி ஆளின் கைமுதலாக இருப்பதில்லை. பொன்மீனின் செல்கள்மேல் கண்ணுக்குத் தெரியும் ஒளி பட்டால், அவற்றில் ஃபோட்டோலயேஸ் உற்பத்தியே கூடுகிறது. அங்கே வாங்கும் கையை வளர்ப்பதும் ஒளிதான். பக்குவத்தை வருவிப்பவனும் இறைவனே என்று சித்தாந்தம் சொன்னது தன்னைத் தானே சுற்றும் வாதம் என்று எள்ளப்பட்டதுண்டு. அப்படி ஒரு சுற்று இயற்கையில் முரண் இல்லாமல் நடக்கிறது.

இன்னொரு சான்றும் உண்டு. பிரின்ஸ்டனில் டாட் ஹைஸ்டரின் குழு, ஒளியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் இருட்டிலேயே வேலை செய்து பழகிய சாதாரண நொதிகள்மேல் ஒளியைப் பாய்ச்சியது. 2016ல் முதல் வெற்றி. 2019ல் ஃபிளேவின் கொண்ட நொதிகளில் இன்னொன்று. இயற்கையில் அவை ஒருபோதும் செய்திராத வினைகளை அந்த நொதிகள் செய்தன, அதுவும் இடக்கை வலக்கை வேறுபாடு தவறாமல். எப்படி என்று பார்த்தபோது தெரிந்ததுதான் எனக்கு இதில் மிகப் பெரிதாகப் படுகிறது. நொதியின் துணை மூலக்கூறு மட்டும் தனியே அந்த ஒளியை அப்படி வாங்குவதில்லை. வினைப்பொருளும் தனியே வாங்குவதில்லை. நொதியின் குழிக்குள் இரண்டும் நெருங்கி நிற்கும்போது மட்டும், அந்தச் சேர்க்கை ஒளியை வாங்குகிறது. வாங்கும் திறன் இருவரில் எவரிடமும் இல்லை, சேர்ந்திருப்பதில் பிறக்கிறது. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது சித்தாந்தத்தின் அடிப்படை. அதைப் பெரும்பாலும் எச்சரிக்கையாகவே படித்திருக்கிறோம்: மலத்தைச் சார்ந்தால் மலமாகும் என்று. அதன் மறுபக்கம் இங்கே தெரிகிறது. தனியே நின்றபோது ஒளிக்கு ஊடே கடந்துபோகும் வெறும் பொருளாக இருந்த ஒன்று, தக்க துணையோடு தக்க இடத்தில் நின்றபோது ஒளியை வாங்குவதாயிற்று. அடியார் கூட்டத்தை ஏன் அத்தனை வற்புறுத்தினார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இந்த வேலை கண்ணாடிக் குப்பியோடு நிற்கவுமில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டரில் நைஜல் ஸ்க்ரட்டன் குழு, முன்னே சொன்ன குளோரெல்லா பாசியின் நொதியை மாற்றி பாக்டீரியாவுக்குள் வைத்து, நீல ஒளியில் அது புரோப்பேன் வாயுவை உண்டாக்கும்படி 2020ல் செய்துகாட்டியது. இல்லினாயில் ஹுயிமின் ஜாவோவின் குழு, ஒளியால் நடக்கும் இத்தகைய புதிய வினைகளை ஈ. கோலை பாக்டீரியாவின் சொந்த வளர்சிதை மாற்றத்தோடு இணைத்திருக்கிறது.

ஒளி எப்போதும் நன்மையே என்றும் சொல்லிவிட முடியாது. அதே பாசி நொதி, மாற்றவேண்டிய கொழுப்பு அமிலம் கைவசம் இல்லாதபோது நீல ஒளி பட்டால் சிதைந்து செயலிழக்கிறது. மனிதர்களில் இதைவிடக் கொடிய நிலை உண்டு. சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற பிறவி நோய் கொண்ட குழந்தைகளுக்கு வெயில் பட்ட தோலெல்லாம் புண்ணாகும். சிறு வயதிலேயே தோல் புற்றுநோய் வரும். பாதுகாப்பின்றிப் பகலில் வெளியே வர முடியாது. புற ஊதாக் கதிர் செய்யும் சேதத்தைச் செப்பனிடும் அமைப்பு அவர்கள் செல்களில் குறைபட்டிருப்பதே காரணம் என்று 1968ல் ஜேம்ஸ் கிளீவர் காட்டினார். இந்தக் குழந்தையின் முன் நின்று பக்குவம் என்று பேசுபவர் தான் பேசுவது இன்னதென்று அறியாதவர். மறக்கருணை என்று பெயரிட்டு இதை நியாயப்படுத்துவதையும் நான் ஏற்க மாட்டேன்; தன் பிழைக்கு வரும் கண்டிப்பைப் பற்றி ஒருவர் தானே சொல்லிக்கொள்ளத்தக்க சொல் அது, அடுத்தவர் குழந்தையைப் பார்த்துச் சொல்லத்தக்கதல்ல.

உண்மை என்னவென்றால், அந்தக் குழந்தையிடம் மட்டுமல்ல, நம் யாரிடமும் ஃபோட்டோலயேஸ் இல்லை. பாக்டீரியா, தாவரம், மீன், தவளை, பறவை, கங்காரு என்று எங்கும் இருக்கும் இந்த நொதியை, நஞ்சுக்கொடியால் கருவை வளர்க்கும் பாலூட்டிகளின் மூதாதைகள் என்றோ இழந்துவிட்டன. எலி முதல் மனிதன்வரை எவருக்கும் அது இல்லை. நமக்கு வேறொரு செப்பனிடும் அமைப்பு உண்டு. இருட்டிலும் இயங்கும், ஆனால் மெதுவானது. அந்தக் குழந்தைக்கு அதுவும் குறைபட்டிருக்கிறது. இந்த இழப்பில் எவருடைய குற்றமும் இல்லை, எவருடைய வினையும் இல்லை. நீல ஒளி நம் தோலின்மேல் நாள் முழுதும் விழுகிறது; காயத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க அங்கே யாரும் இல்லை.

அப்படியானால் மனிதன் தானே அந்த நொதியை உண்டாக்கி வைத்துக்கொள்ளட்டும், அருளுக்கு இங்கே இடமில்லை என்று கடைசியாக ஒருவர் சொல்லக்கூடும். அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் ஒரு குழு ஃபோட்டோலயேஸ் மரபணுவை எலிகளுக்குள் வைத்து 2005ல் முடிவை அறிவித்தது. புற ஊதாக் கதிருக்குப் பின் சாதாரண வெளிச்சம் காட்டப்பட்ட அந்த எலிகளுக்குத் தோல் புற்றுநோயிலிருந்து வலுவான பாதுகாப்பு கிடைத்தது. பாலூட்டியின் தோல் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்குப் பிறகு அந்த ஒளியை வாங்கியது. ஆனால் அந்த மரபணுவை எவரும் மேசையில் உட்கார்ந்து புதிதாகப் புனையவில்லை. அது ஆஸ்திரேலியாவின் பொட்டரூ என்ற சிறு பைப்பாலூட்டியிடமிருந்து எடுத்தது. அந்தப் பொட்டரூவும் அதைத் தன் முயற்சியால் ஈட்டவில்லை; அதன் மூதாதைகள் இழக்காமல் கொண்டுவந்தது. ஆய்வாளர்கள் செய்தது ஓர் உயிரிடம் இருந்ததை, அது இல்லாத இன்னொரு உயிருக்குக் கொண்டு சேர்த்தது. அதுவும் சேர்ந்த பிறகு, விளக்கைப் போடும்வரை அந்த எலிகளின் தோலில் ஒன்றும் நடக்கவில்லை.